சிவப்பு விலகி நின்ற ஆல்பம்

ஒரு பெரிய ராக் பேண்டின், யாருக்கும் பிடிக்காத ஆல்பம் ஒன்றில் ஒரு பாட்டு எனக்கு முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை மனப்பாடம். வரிகள் தெரியாது. இங்கிலீஷ் பரீட்சைக்குப் பயந்தே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் எந்த இடத்தில் டிரம் நின்று காத்திருக்கிறது, எந்த இடத்தில் பாடுகிறவன் மூச்சு வாங்குகிறான், எந்த இடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். ரசித்துக் கேட்டுப் பழகியது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து கேட்டுப் பழகியது.

நான் பிரிண்டிங் யூனிட்டில் டேபிள் ஆள். பனியன் துணியை முன்பக்கம், பின்பக்கம் என்று வெட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். முன்பக்கத் துண்டுகளை ஒரு நீள மேஜை மேல் வரிசையாக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஸ்க்ரீன் சட்டத்தை வைத்து, இங்க்கை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுத்தால் படம் விழும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நான் பாதி தூரம் தள்ளுவேன், எதிரில் நிற்கிறவர் வாங்கி மீதியை இழுப்பார். திரும்ப அவர் தள்ள, நான் இழுக்க. இரண்டு பேர் கையும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டையின் ஒரு பாதி அடுப்புக்கரி மாதிரியும் மறுபாதி காய்ச்சல் வந்தவன் மாதிரியும் இருக்கும். அதனால் எங்கள் வேலையில் ஆளைத் தனியாகச் சேர்ப்பதில்லை. ஜோடியாகத்தான். ஜோடி உடைந்தால் டேபிள் கிடையாது; லோடு ஏற்றப் போக வேண்டியதுதான்.

என் ஜோடி உடைந்திருந்தது. எதிரில் நின்றவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவன், மற்ற நாட்களில் அதே பாட்டை டேபிளில் முனகுவான். அந்த முனகலுக்குத்தான் என் கை நகர்ந்துகொண்டிருந்தது என்பதே அவன் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெஷின் பிரிண்டிங்கில் ஆபரேட்டர் வேலை கிடைத்ததும் ஒரு மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"மெஷினுக்கு வாய் கெடையாதுல. உன் பேச்சக் கேட்டுக் கேட்டு என் காது ரெண்டும் தேஞ்சு போச்சு. வாறேன்," என்றான்.

"போடா, மெஷினாவது உன்ற பாட்டைச் சகிச்சுக்குதான்னு பாக்கலாம்," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அன்றைக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் இடத்துக்கு, எங்கள் யூனிட்டை நடத்துகிற மாஸ்டர் வேறு ஒருவரைக் கூட்டி வந்தார். ஒடிசாக்காரர், என்னைவிட மூத்தவர். வடக்கிலிருந்து வந்த எல்லோரையும் எங்கள் யூனிட்டில் பையா என்றுதான் கூப்பிடுவோம், இவரும் பையா ஆனார். அதற்கு முன்பு சாயப்பட்டறையில் இருந்தவர். விரல் நுனித் தோலெல்லாம் உரிந்து உரிந்து புதுசாக வந்துகொண்டிருந்தது. ரப்பரைப் பிடிக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார், ஆனால் உதட்டைக் கடிப்பார். தமிழ் தெரியாது. எந்த வாக்கியத்தையும் "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் திருப்பூரில் பாதி வேலை முடிந்துவிடும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாவம், நம்பிவிட்டார். "ஏனுங்க தண்ணி," "ஏனுங்க லஞ்ச்," "ஏனுங்க நயி ஆத்தா ஹை" (தெரியாது) என்று ஒடியாவும் இந்தியும் கொங்கும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்.

கை மட்டும் சேரவில்லை. நான் வேகம், அவர் நிதானம். நான் லேசாக அழுத்துவேன், அவர் ஆளை மிதிக்கிற மாதிரி அழுத்துவார். அவர் பக்கம் எல்லாம் கறுகறு, என் பக்கம் எல்லாம் வெளுப்பு.

எங்கள் மாஸ்டர் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடும். அவர் குரலில் 'ங்க' ஏற ஏற எங்களுக்கு வியர்க்கும். வெளுத்துப்போன துண்டு ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங் கண்ணு, இந்த வார லாட்டு வரைக்கும் பாக்கறனுங்க. ரெண்டு பேர்த்துக்கும் கை சேந்துச்சுன்னா இருந்துக்கங்க. சேரலைன்னு வெச்சுக்கங்க, அவரு சாயப்பட்டறைக்கே போயிரட்டும், நீங்க லோடு வண்டிக்குப் போயிருங்க. தப்பா நெனச்சுக்காதீங்."

"லோடு வண்டின்னா முன்னாடி சீட்டுங்களா, பின்னாடிங்களா மாஸ்டர்?"

"டயருக்கு அடீலீங்க," என்று சொல்லிவிட்டு அமைதியாகப் போனார்.

பையா என் முகத்தைப் பார்த்தார். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் சாயப்பட்டறை என்ற வார்த்தை மட்டும் அவருக்கு நன்றாகவே புரியும்.

அந்த வார லாட்டாக வந்த ஆர்டர்தான் இந்த ஆல்பம். வெளிநாட்டில் யாரோ அந்தப் பழைய ஆல்பத்தைத் திரும்ப வெளியிடுகிறார்கள், கூடவே அதன் அட்டைப் படத்தோடு டீஷர்ட். வெண்ணெய் நிறத் துணி, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டே ஸ்க்ரீன். படத்தில் நாலு பேர் ஒரு சுவரோரம் நிற்கிறார்கள். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் காலி.

"அஞ்சாவது ஆளு டீ குடிக்கப் போயிட்டானாட்ட இருக்குதுங்க," என்றேன் மாஸ்டரிடம்.

"அவன் போனாப் போறான், நீங்க சட்டத்தைப் புடிங்க."

முதலில் சிவப்பு அடித்து, அதன்மேல் கறுப்புக் கோடு வர வேண்டும். சோதனைக்கு ஒரு துண்டு அடித்துப் பார்த்தோம். கறுப்புக் கோட்டுக்குள் உட்கார வேண்டிய சிவப்பு, நாலு ஆளுக்கும் ஒரு பக்கமாக விலகி வெளியே தொங்கியது. ஒவ்வொருத்தனும் தன் நிறத்தை விட்டுவிட்டு ஒரு எட்டு நகர்ந்து நின்றதுபோல இருந்தது.

மாஸ்டர் உச்சுக்கொட்டினார். "ஸ்க்ரீனுக்கு ஃபிலிம் போட்ட பையன் தூங்கிட்டே போட்டிருக்கறானுங்க."

"ஆர்டர்க்காரங்க பாத்து ஓகே பண்ணின அப்ரூவல் பீஸ் இருந்தா ஒருக்காப் பாத்துக்கலாங்களே?"

"அது எக்ஸ்போர்ட் கம்பெனி மேடத்துகிட்ட இருக்குதுங்க. அவங்க சாயங்காலம் வாரதுக்குள்ள பாதி லாட்டு ஓடோணும். இதைப் பாத்தாத் தெரியறதுக்கு அப்ரூவல் வேற வேணுங்களா?"

மேஜையின் ஓரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் நேராக ஒரு இரும்பு முட்டு இருக்கும். சட்டம் அதில் இடித்து நின்றால் படம் அந்த இடத்தில்தான் விழும். மாஸ்டர் குனிந்து, சிவப்புச் சட்டத்தில் முட்டில் இடிக்கிற பிடியைத் தளர்த்தினார், ஒரு கண்ணை மூடினார், மயிரிழை நகர்த்தி இறுக்கினார். அடுத்த துண்டில் சிவப்பு கறுப்புக்குள் கச்சிதமாக, உறையில் போட்ட தலையணை மாதிரி உட்கார்ந்தது. பக்கத்து டேபிள்காரர்கள்கூட எட்டிப் பார்த்து, "மாஸ்டர் கையே கைங்க" என்றார்கள். கோட்டின் மேல் கோடு உட்காருவதுதான் எங்கள் தொழில். அதில் மானம் இருக்கிறது.

காலை முழுக்க இடம் சரியாக விழுந்தது, நிறம் விழவில்லை. ஒரு பக்கத்து இரண்டு ஆளும் தடியாக, மறுபக்கத்து இரண்டு ஆளும் சாம்பலாக. மாஸ்டர் ஒவ்வொரு முறை எங்கள் டேபிளைக் கடக்கும்போதும் அவர் செருப்புச் சத்தம் மெதுவானது.  பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். பையாவின் மீசையைக் கிண்டல் செய்தேன், அவர் ஊர் ரயிலைக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ரப்பரை இன்னும் அழுத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய ஜோடிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சும்மா உட்கார முடியாமல், ஃபிலிமின் மேலே இருந்த ஆல்பத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போனில் தட்டினேன். வந்துவிட்டது. அதே நாலு பேர், நடுவில் காலி. தபால்தலை அளவுதான் இருந்தது, சிவப்பு எங்கே நிற்கிறது என்றெல்லாம் அதில் தெரியாது. பாட்டை அமுக்கி, போனை ஒரு காலி இங்க் டப்பாவுக்குள் போட்டேன், சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று.

முதல் பாட்டு, கிரில் பட்டறையும் டிராக்டரும் சண்டை போடுகிற மாதிரி. இரண்டாவது, அந்தச் சண்டையில் டிராக்டர் தோற்ற மாதிரி. பையா கையில் சப்பாத்தியோடு என்னைப் பார்த்து, "ஏனுங்க... க்யூங்?" என்றார். ஏன் என்று கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை.

மூன்றாவது பாட்டு வேறு மாதிரி இருந்தது. மெதுவாக டிரம் மட்டும் வந்தது. தொம்... தொம்... அதற்குப் பிறகு ஒருத்தன் பாட ஆரம்பித்தான். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. பாட்டுக்காரன் குரலே இல்லை. கல்யாண வீட்டில் மைக்கைக் கையில் திணித்துவிட்டால் மாப்பிள்ளையின் சிநேகிதன் பாடுவானே, அந்த மாதிரி. ஒரு இடத்தில் முந்திக்கொண்டான். அடுத்த இடத்தில் பிந்திவிட்டான். டிரம் அடிக்கிறவன் அவனை விட்டுவிட்டு ஓடவில்லை. நின்று, அவன் வந்து சேர்ந்த பிறகு அடுத்த அடியைப் போட்டான்.

பையா சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரலால் தட்டினார். டிரம் நிற்கிற இடத்தில் சரியாக நின்றார். இரண்டாவது தடவை போட்டபோது நானும் தட்டினேன். மூன்றாவது தடவை, எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தோம். தண்ணீர் பிடிக்க வந்த செக்கிங் அக்கா ஒருத்தி, "சோறு பத்தலைன்னா சொல்லுங்க, தட்டைப் போட்டு ஏனுங்க ஒடைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் டப்பாவை மேஜையடியில் வைத்து அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். தொம் என்றால் நான் தள்ளுவேன், தொம் என்றால் அவர் வாங்குவார். எப்போது அழுத்த வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. மாஸ்டர் வந்து நின்று, "என்னங்க சத்தம், மோட்டார் ரிப்பேருங்களா?" என்று கேட்டார். பிறகு துண்டுகளைப் பார்த்தார். நாலு ஆளும் ஒரே கறுப்பு, ஒரே சிவப்பு. டப்பாவைக் காலால் மேஜையடிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனார். திட்டாமல் போனதே போதும் என்றிருந்தது. பையாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார், ஆனால் லாட்டு இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

மேடம் சாயங்காலம் வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இந்த ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். எப்போதும் ஸ்கூட்டியைப் பாதி நிறுத்தும்போதே போன் பேசிக்கொண்டு வருவார். அன்றைக்கும் பேசிக்கொண்டே உள்ளே வந்து, ஒரு துண்டைத் தூக்கினார். பேச்சு நின்றது. போனில் அந்தப் பக்கம் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது.

"மாஸ்டர்... இது எல்லாமே இப்படித்தானுங்களா?"

"ஆமாங்க. மத்தியானத்துக்கு மேல அடிச்சதெல்லாம் ஒண்ணு போல வந்திருக்குதுங்க பாருங்க." மாஸ்டர் குரலில் பெருமை இருந்தது.

"தப்புங்க மாஸ்டர்."

"எங்கீங்க தப்பு? கோட்டு மேல கோடு உக்காந்திருக்குதுங்களே?"

"அதானுங்க தப்பு."

பையிலிருந்து அப்ரூவல் பீஸை எடுத்து விரித்தார். சிவப்பு விலகி வெளியே தொங்கியது. காலையில் நாங்கள் பார்த்து உச்சுக்கொட்டிய அதே விலகல்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். அந்த பேண்டில் பாடுகிறவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாராம். புது ஆள் உடனே கிடைக்கவில்லை. கிடார் வாசிக்கிறவரையே நிறுத்திப் பாடவைத்து இந்த ஆல்பத்தை எடுத்திருக்கிறார்கள். அட்டை அச்சடிக்கும்போது அச்சகத்தில் சிவப்பு நகர்ந்துவிட்டது. இந்த ஆல்பம் ஓடும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லாததால் திருப்பி அடிக்கவும் யாரும் மெனக்கெடவில்லை. ஓடவும் இல்லை. பின்னால் புதுப் பாடகர் வந்து, பேண்டு உலகம் பூரா பேர் வாங்கி, இது அப்படியே மறந்துபோனது.

"இப்ப இதைத் தேடி வாங்கறவங்க கொஞ்சப் பேருதானுங்க. அவங்களுக்கு அந்த நகந்த சிவப்புத்தான் அடையாளம். நேரா இருந்துச்சுன்னா டூப்ளிகேட்டுன்னு சொல்லிருவாங்க."

மாஸ்டர் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்பையுஞ் சேத்து அடிச்சுக் குடுக்கோணும்ங்கறாங்களா?"

"ஆமாங்க."

 அடித்து முடித்த பாதி லாட்டு கம்பிகளில் காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மெதுவாகத் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். புதிதாக வந்த பையா கைதவறி வைத்துவிட்டார் என்று அவர் சொன்னால் முடிந்தது. யூனிட்டில் ஒருத்தரும் மறுத்துப் பேசமாட்டார்கள். பையாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனால் அந்தப் பார்வை புரிந்தது. ரப்பரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். உரிந்த தோலில் சிவப்பு இங்க் ஏறியிருந்தது.

எனக்கு வாய் அதுவாகவே திறந்துகொண்டது. "மாஸ்டர், பையா கையில சட்டத்து செட்டிங் குடுத்திருந்தா கோணையா வெச்சு இந்நேரம் பாஸ் பண்ணியிருப்பாருங்க. உங்க கையி சுத்தமா இருந்ததுதான் குத்தமாப் போச்சு."

சட்டத்தை நகர்த்தியது மாஸ்டர்தான் என்று மேடம் முன்னாலேயே போட்டுடைத்துவிட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. 

மாஸ்டர் மேடம் பக்கம் திரும்பினார். "செட்டிங் நான் வெச்சதுங்க மேடம்," என்றார். "பசங்க அடிச்சதுல ஒரு கொறையும் இல்லீங்க."

மேடம் தலையாட்டிவிட்டு வெளியே போய் வரிசையாக போன் பேசினார். திரும்பி வந்து, அடுத்த நாள் காலையில் புது முன்பக்கங்கள் வெட்டி வரும், சாயங்காலத்துக்குள் அத்தனையும் முடிந்தால்தான் கன்டெய்னரில் ஏறும் என்றார். "செட்டிங் மட்டும் அப்ரூவல்ல இருக்கற மாதிரியே வெச்சிருங்க மாஸ்டர்."

அப்போதுதான் மாஸ்டர் அதைச் சொன்னார். "கோணையா வெக்க என்ற கையால ஆகாதுங்க. வெச்சாலும் கண்ணு என்னையறியாம நேராக்கிப்போடும். இவங்க ரெண்டு பேரும் வெப்பாங்க."

 இனிமேல் தப்பானால் அது எங்கள் தப்பு. மாஸ்டருக்கு இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பழைய ஜோடி திரும்பக் கூப்பிட்டான்.

"ஏல, கூப்ட்டிருந்தியா? மெஷின்ல நின்னேன்."

"டேய், நீ போறதுக்கு முந்தி சாம்பிள் டேபிள்ல என்னமோ ஒண்ணு அடிச்சியே, அது நாலு பேரு நிக்கறதா?"

"ஆமா. செவப்பு வெலகி நிக்குமே. அந்த மேடம் பக்கத்துலயே நின்னு தொடாத தொடாதன்னு உயிர வாங்குச்சு. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. மாஸ்டர் தொட்டுட்டாரு."

அவன் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "கிழிஞ்சுது போ! அந்தாளு ரோட்டுல கோடு கோணலாக் கெடந்தாக்கூட நிமித்தி வச்சிட்டுத்தாம்ல வீட்டுக்குப் போவாரு." பிறகு குரல் இறங்கியது. "உன் டேபிள் இருக்கால?"

"இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்," என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் வைத்துவிட்டேன்.

காலையில் துணி வந்தது. முந்தின நாள் மாஸ்டர் நகர்த்தி இறுக்கியபடியே சிவப்புச் சட்டத்தின் பிடி கிடந்தது. அதைத் தளர்த்தி நானாக நகர்த்திப் பார்த்தேன். விலகல் ஒரு தடவை அதிகம், ஒரு தடவை கம்மி. பிடியை நகர்த்தினால் கறுப்பு ஸ்க்ரீனோடு சேர்க்கும்போது கணக்கு வேறு மாறியது.  பையா அப்ரூவல் பீஸைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ச் சிவப்பு விலகியிருந்த அகலத்தைப் பார்த்தார். தரையில் எதையோ தேடினார். முந்தின வாரம் வேறு ஆர்டருக்கு வந்து சிதறிக் கிடந்த போலோ டீஷர்ட் பொத்தான் ஒன்றை எடுத்து, அதன் தடிமன் தெரியும்படி அந்த இடைவெளி மேல் செங்குத்தாக நிறுத்தினார்.

"ஏனுங்க," என்றார்.

சரியாக இருந்தது. பிடியைத் தொடவே வேண்டாம். சிவப்பு அடிக்கும்போது முட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பொத்தான், கறுப்பு அடிக்கும்போது பொத்தான் இல்லை. ஓடிப்போய்ப் பொத்தான்களைப் பொறுக்கினேன். மேஜை நெடுக ஒவ்வொரு முட்டிலும் ஒன்றைச் செலோ டேப்பால் ஒட்டினோம். மாஸ்டர் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நேராக்கிவிடுவார் என்று அவருக்கே பயம்.

மேடம் காலையிலேயே வந்து டேபிள் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் யாரோ வெளிநாட்டுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். பாட்டுப் போட முடியவில்லை. முதல் வரிசை அடித்தோம். இடம் சரி. நிறம் போய்விட்டது. என் பக்கம் சாம்பல், அவர் பக்கம் கரி.  ஒரு நாளில் வந்தது ஒரு ராத்திரியில் போய்விட்டது.

அடுத்த துண்டுக்கு ரப்பரைத் தூக்கியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். பையா நாக்கை மேலண்ணத்தில் தட்டினார். ட்டொக்... ட்டொக்... அந்தப் பாட்டின் டிரம். பாடுகிறவன் பிந்துகிற இடத்தில் அவரும் நிறுத்தினார். நான் தள்ளத் தாமதித்தேன். அவர் அவசரப்படவில்லை. நான் வந்த பிறகுதான் அடுத்த சத்தம் வந்தது. சாயங்காலம் வரை அப்படித்தான். நான் வாயே திறக்கவில்லை. டீ கொண்டுவந்த பையன், "அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்று கேட்டான்.

முடிந்ததும் மேடம் துண்டுகளை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தார். அப்ரூவல் பீஸை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்து, எடுத்து, அடுத்ததற்கு நகர்ந்தார். மேஜையின் கடைசிக்குப் பக்கத்தில் நின்றார். மறுபடியும் பார்த்தார்.

"இது மட்டும் ஏனுங்க இத்தனை வெலகியிருக்குது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த முட்டில் ஒட்டியிருந்தது போலோ டீஷர்ட் பொத்தான் இல்லை. தடிமனான ஓவர்கோட்டுப் பொத்தான். அவசரத்தில் நான்தான் ஒட்டியிருக்க வேண்டும், இல்லை அவரா, தெரியவில்லை.  மேடம் அந்த முட்டில் அடித்த துண்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். மிச்சத்தைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "இந்த முட்டுல அடிச்சது மட்டும் கழிவுல போவட்டுங்க. மத்ததெல்லாம் ஓகே," என்றார். சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார். அவருக்கும் அன்றைக்கு யாரோ ஒருவரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மாஸ்டர் எங்கள் மேஜைக்கு வந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்கு இந்த டேபிள்ல கோடு போட்ட கொழந்தை பனியன் ஏறுதுங்க. வெள்ளனே வந்துருங்க."

"ரெண்டு பேருமுங்களா மாஸ்டர்?"

"உங்களுக்குத் தனியாப் பத்திரிக்கை வேற அடிச்சுக் குடுக்கோணுங்களா கண்ணு?"

நான் பையாவைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த வாய். என்ன சொல்வது என்று போகும்போதே தயார் செய்துகொண்டேன். சாயப்பட்டறை வண்டி வாசலில் நிற்கிறது, ஏறுங்கள் என்று சொல்லி அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

குழாயடியில் ரப்பரைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய பை, வாய் வரைக்கும் நிறைந்து கயிற்றால் கட்டியிருந்தது. அதன்மேல் சுருட்டிக் கட்டிய பாய். பக்கெட்டுக்குள் தட்டு, டம்ளர், ஒரு ஜோடிச் செருப்பு. வேலைக்கு ஆள் கூட்டி வருகிற காண்ட்ராக்டர் கொடுத்த அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள் என்று முடிவு செய்துகொண்டுதான் நாள் முழுக்க எனக்கு நாக்கைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"பையா, வண்டி..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குழாயை மூடினார், பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் பாய்ந்து பையைப் பிடித்து இழுத்தேன். நல்ல கனம். "இல்ல, இல்ல, நயி, வண்டி நயி. பாஸ். டேபிள். நாளைக்கு," என்று தெரிந்த வார்த்தைகளையெல்லாம் வரிசையில்லாமல் கொட்டினேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. பேசிப் பயனில்லை என்று பையையும் பக்கெட்டையும் நானே தூக்கிக்கொண்டு உள்ளே போய் எங்கள் மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

பின்னாலேயே வந்தவர் பை இருந்த இடத்தைப் பார்த்தார். மேஜை துடைத்துக் காலியாகக் கிடந்தது. துணி இல்லை, சட்டம் இல்லை. இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்க வந்தார்.